லெஃப்ட் ஹேண்டர் லாக் பிக்கிங் கத்துக்கணும்னா பிக் எந்தக் கைல, டென்ஷன் எந்தக் கைல?

லாக் பிக்கிங்க, அதாவது சாவி இல்லாம பூட்டுத் திறக்கிறத, ஹாபியா ஆரம்பிக்கிற இடதுகைக்காரங்க முதல் நாளே முட்டிக்கிற கேள்வி இது. நாம பார்க்கிற வீடியோல முக்கால்வாசி வலதுகைக்காரங்க பண்றது. பூட்டு அவங்க இடது கைல இருக்கும், அதே கையோட ஆள்காட்டி விரல் டென்ஷன் ரெஞ்ச்ச (பூட்ட லேசா திருப்பிப் பிடிக்கிற வளைஞ்ச கம்பி) அழுத்திட்டிருக்கும், பிக் (உள்ள விட்டுத் துழாவுற மெல்லிய கம்பி) வலது கைல. நமக்கு முன்னாடி இருக்கிறது மூணு வழி. அதத் திருப்பிப் போட்டு பிக்க இடது கைக்குக் கொண்டு வர்றது ஒண்ணு, வீடியோல இருக்கிறபடியே பிக்க வலது கைல பிடிச்சுப் பழகுறது இன்னொண்ணு, ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்றது மூணாவது. யாரக் கேட்டாலும் "உனக்கு எது வசதியோ அதப் பண்ணு"ன்னு சொல்லிடுறாங்க, ஆனா புதுசா பிடிக்கிறவனுக்கு ரெண்டு கையுமே வசதியா இருக்காது, அதனால அந்தப் பதிலால ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் எழுத்துல இருந்து ஸ்க்ரூட்ரைவர் வரைக்கும் எல்லாமே இடது கைதான், மூணு வழிலயும் பூட்டு திறந்து பார்த்திருக்கேன், எனக்குன்னு ஒரு முடிவும் இருக்கு, ஆனா அது எல்லாருக்கும் பொருந்தாது, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ரெண்டு கையும் உள்ள என்ன வேலை பார்க்குதுன்னு தெளிவா இருக்கணும். இன்னிக்கு கடைல கிடைக்கிற பின் டம்ளர் பூட்டு, லைனஸ் யேல் ஜூனியர் 1861லயும் 1865லயும் பேடண்ட் வாங்கின அதே அமைப்புதான். நடுவுல சுத்துற பிளக், அதுக்கு மேல வரிசையா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு துண்டு பின், மேல ஸ்பிரிங். சரியான சாவி போட்டா ரெண்டு துண்டும் சந்திக்கிற இடம் பிளக்கோட விளிம்புல போய் நிக்கும், அப்போ பிளக் சுத்தும். சாவி இல்லாம திறக்க முடியறதுக்குக் காரணம், அந்த ஓட்டைங்கள எவ்வளவு நல்ல மெஷின்ல போட்டாலும் மயிரிழை அளவுக்காவது முன்ன பின்ன இருக்கும், அதனால பிளக்க லேசா திருப்பிப் பிடிச்சா எல்லாப் பின்னும் ஒண்ணா இறுகாது, ஏதோ ஒண்ணு மட்டும் முதல்ல இறுகும். அத பிக்கால தேடிப் பிடிச்சுத் தூக்கினா சின்னதா ஒரு க்ளிக், அந்தப் பின் 'செட்' ஆச்சு, பிளக் துளியூண்டு நகரும், அடுத்தது இறுகும். அப்போ ஒரு கை தேடுது, இன்னொரு கை தாங்குது. தேடுற கைக்கு முன்ன பின்ன, மேல கீழ, சாய்க்கிறதுன்னு பல அசைவு வேணும், எந்த இடத்துல எந்தப் பின் இருந்துச்சுன்னு ஞாபகமும் வேணும். தாங்குற கைக்கு ஒரே அசைவுதான், ஒரே திசைல அழுத்தம், ஆனா அந்த அழுத்தம் கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஆரம்பத்துல பூட்டு திறக்காததுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த ரெண்டாவது கைதான், பதட்டத்துல அழுத்திக்கிட்டே போவாங்க, எல்லாப் பின்னும் சேர்ந்து இறுகிடும், அதுக்கப்புறம் பிக் கைல என்ன திறமை இருந்தாலும் ஒண்ணும் நடக்காது.

இப்போ நம்ம ஊர் லெஃப்ட் ஹேண்டர் விஷயம். வெளிநாட்டுல எழுதி வச்சிருக்கிற அறிவுரையெல்லாம் ஒருத்தன் லெஃப்ட் ஹேண்டர்னா எல்லாமே இடது கைலதான் பண்ணுவான்னு நெனச்சு எழுதினது. நம்ம வீட்டுல அப்படியா? பீச்சாங்கைல சாப்பிடாத, பீச்சாங்கைல குடுக்காதன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்திருப்பாங்க, பல பேரு ஸ்லேட்டுல எழுத ஆரம்பிக்கும்போதே பல்பத்த வலது கைக்கு மாத்தி விட்டிருப்பாங்க. அதனால எழுதுறது, சாப்பிடுறது வலது கைலயும், பந்து வீசுறது, சுத்தியல் பிடிக்கிறது, கத்தரிக்கோல் இடது கைலயும்னு கலவையா இருக்கிறவங்க நம்மள்ல நிறைய. இவங்க "நான் லெஃப்டி, அதனால பிக் இடது கைல"ன்னு ஒரேயடியா முடிவு பண்ணக் கூடாது. ஊசில நூல் கோர்க்கும்போது நூல எந்தக் கை கொண்டு போகுது, கண்ணாடி ஃபிரேமோட குட்டி ஸ்க்ரூவ எந்தக் கை திருப்புது, கால்ல முள்ளு குத்துனா எந்தக் கை எடுக்குதுன்னு யோசிக்காம பண்ணிப் பாருங்க. அந்தக் கைதான் பிக் கை. எழுதுற கை எதுவா இருந்தாலும் சரி, பந்து வீசுற கை எதுவா இருந்தாலும் சரி, அது இதுல சேர்த்தி இல்ல.

முதல் வழிக்கு வர்றேன், பிக் இடது கைல. நுணுக்க வேலையெல்லாம் இடது கைல பண்றவங்களுக்கு இதுல பெரிய லாபம் என்னன்னா, பிக் நுனில நடக்கிறது உடனே புரிய ஆரம்பிக்கும். இறுகின பின்னுக்கும் ஸ்பிரிங் மட்டும் எதிர்க்கிற பின்னுக்கும் உள்ள வித்தியாசம், ஏற்கெனவே செட் ஆன பின் லொடலொடன்னு கிடக்கிறது, இதெல்லாம் பழகின கைல சீக்கிரம் பிடிபடும். கஷ்டம் என்னன்னா, பார்த்துக் கத்துக்க ஆள் இல்ல. வீடியோவ இடம் வலமா ஃபிளிப் பண்ணிப் பார்த்தா சரியாகிடும்னு சில பேர் சொல்றாங்க, கை வைக்கிற விதத்துக்கு மட்டும்னா சரி, ஆனா அப்படி ஃபிளிப் பண்ணும்போது பூட்டு சுத்துற திசையும் சேர்ந்து திரும்பிடும், சாவித் துவாரத்துல இருக்கிற நெளிவும் திரும்பிடும். கடிகாரச் சுத்துல திறக்கிற பூட்டு ஸ்கிரீன்ல எதிர்ச் சுத்துல திறக்கும். நம்ம கைல இருக்கிற பூட்டு அப்படித் திறக்காது, ஏன்னா நிறைய பேட்லாக் கடிகாரச் சுத்துல மட்டும்தான் திறக்கும், ரெண்டு பக்கமும் திறக்கிறதும் உண்டு. ஃபிளிப் பண்ணின வீடியோவ நம்பி ரெஞ்ச்ச அந்தப் பக்கமே அழுத்திட்டிருந்தா அஞ்சு பின்னும் செட் ஆனாக்கூட பூட்டு அப்படியே இருக்கும்.

இத எப்படிச் சமாளிக்கிறதுன்னா திசைய மட்டும் தனியா யோசிக்கணும். பூட்ட நேரா பார்க்கும்போது கடிகாரச் சுத்துல ஆறு மணி இடம் இடது பக்கமா நகரும், ஒன்பது மணி இடம் மேல போகும், மூணு மணி இடம் கீழ போகும். ரெஞ்ச் கைப்பிடி எந்த இடத்துல நிக்குதோ அத வச்சு அழுத்துற பக்கம் மாறும். வீடியோல வலதுகைக்காரங்க நிறைய பேரு கைப்பிடிய கீழ பார்த்துத் தொங்க விட்டு இடது ஆள்காட்டி விரலால தன் உள்ளங்கை பக்கமா இழுப்பாங்க, அவங்களுக்கு அது கடிகாரச் சுத்து, விரலுக்கும் சுகம். நாம அதையே வலது கைல பண்ணினா விரல மடக்கி இழுக்கிறதுக்குப் பதிலா வெளிப்பக்கமா தள்ள வேண்டியிருக்கும், விரல் சீக்கிரம் நடுங்க ஆரம்பிக்கும். அதனால கைப்பிடிய வலது பக்கமா, மூணு மணி இடத்துல கிடையா நிறுத்துங்க. பூட்டோட உடம்ப வலது கை கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல பிடிச்சுக்கிட்டு, ஆள்காட்டி விரல அந்தக் கைப்பிடி மேல சும்மா படுக்க வச்சாலே போதும், அது கீழ அழுத்தும், கடிகாரச் சுத்து தானா வந்துடும். விரலோட கனமே பாதி டென்ஷன் குடுத்துடும். கண்ணாடி பிம்பமா காப்பி அடிக்கிறத விட இது எவ்வளவோ மேல்.

ரெண்டாவது வழி, வீடியோல இருக்கிறபடியே. பிக் வலது கைல, டென்ஷன் இடது கைல. இத இடதுகைக்காரன் விட்டுக்குடுத்துப் போறதா நிறைய பேரு பார்க்கிறாங்க, எனக்கு அந்தப் பார்வைல உடன்பாடு இல்ல. நல்லா யோசிச்சா இதுல நம்ம பலமான கைக்கு டென்ஷன் போகுது. மேல சொன்ன மாதிரி ஆரம்பத்துல தோத்துப் போறது டென்ஷன்லதான், வலதுகைக்காரங்க அத தன்னோட பலவீனமான கைல வச்சுக்கிட்டு அல்லாடுறாங்க, வலதுகைக்காரங்கள்லயே சில பேரு அதுக்காக வேணும்னே டென்ஷன பலமான கைக்கு மாத்திக்கிறாங்க. நமக்கு அது வீடியோவப் பார்த்து அப்படியே பண்ணினாலே கிடைக்குது. பிளக் மயிரிழை அளவு நகர்றத முதல்ல உணர்றது ரெஞ்ச் மேல இருக்கிற விரல்தான். ஆனா இன்னொரு பக்கம் வலது கை பிக்க பிடிச்சுக்கிட்டு உள்ள என்ன பண்ணுதுன்னு அதுக்கே தெரியாம தடவும், எந்தப் பின்ல நிக்கிறோம்னு எண்ணிக்கை தப்பும், மூணாவதுன்னு நெனச்சு நாலாவதத் தூக்குவோம். இது போகப் போகச் சரியாகும், ஆனா மெதுவாத்தான் ஆகும், அந்த இடைவெளிலதான் பல பேருக்குச் சலிச்சுப் போயிடுது. மேல சொன்ன கலவை ஆளுங்களுக்கு, அதாவது வலது கைல எழுதிப் பழகி நுணுக்க வேலையும் ஓரளவு வலது கைலயே பண்றவங்களுக்கு, இந்தக் கஷ்டம் ரொம்பக் கம்மி. அவங்க வேற எதையும் யோசிக்காம ரெண்டாவது வழிலயே போகலாம், வீடியோவும் துணைக்கு இருக்கும்.

மூணாவது, ரெண்டு கைலயும் சமமா பழகுறது. கேக்க நல்லா இருக்கு, ஆரம்பத்துல வேண்டாம். ஒரு கைல ஒரு பூட்டு நிச்சயமா திறக்கிற நிலை வந்த பிறகு மாத்திப் பார்த்தா ரெண்டு கைக்கும் நல்லது, அதுக்கு முன்னாடி மாத்தினா எது பூட்டோட பிரச்சனை எது கையோட பிரச்சனைன்னே பிரிச்சுப் பார்க்க முடியாது.

எந்த வழி எடுத்தாலும் டென்ஷன் கைக்கு ஒரு பயிற்சி தனியா குடுக்கச் சொல்வேன். வீட்டுல டிஜிட்டல் கிச்சன் தராசு இருந்தா அது மேல ஆள்காட்டி விரல வச்சு ஐம்பது கிராம் காட்டுற மாதிரி அழுத்தி, எண் ஆடாம பிடிச்சு நிறுத்தப் பாருங்க, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, அப்புறம் இன்னொரு கைல பேனாவ வச்சு ஏதாவது கிறுக்கிக்கிட்டே. மத்த கை வேலை செய்ய ஆரம்பிச்ச உடனே இந்த விரலும் கூட அழுத்தும், எண் எகிறும். பூட்டுலயும் இதுதான் நடக்குது, ஆனா அங்க எண் தெரியாது. ரெண்டு கைலயும் இதப் பண்ணிப் பார்த்தா எந்தக் கை அமைதியா இருக்குன்னு தெரிஞ்சுடும், மேல சொன்ன ஊசி நூல் சோதனையோட இதையும் சேர்த்துப் பார்த்தா உங்க முடிவு பாதி ஆயிடுச்சு.

பூட்டக் கைல பிடிக்கணுமா வைஸ்ல (டேபிள்ல பொருத்துற, பொருளக் கவ்விப் பிடிக்கிற கருவி) மாட்டணுமாங்கிறதும் இடதுகைக்காரங்களுக்குக் கொஞ்சம் முக்கியமான விஷயம், ஏன்னா கைல பிடிக்கும்போது தாங்குற கை ரெண்டு வேலை பார்க்குது, பூட்டையும் தாங்கணும் ரெஞ்சையும் அழுத்தணும். பழக்கமில்லாத கைக்கு அது அதிகம். ஒரு சின்ன டேபிள் வைஸ் வாங்கி, பித்தளைல கீறல் விழாம தோல் துண்டு ஒண்ண நடுவுல வச்சு மாட்டிட்டா கைக்கு டென்ஷன் மட்டும்தான் மிச்சம். 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சி சமயத்துல ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ்ங்கிற அமெரிக்கர் பிராமா கம்பெனியோட பூட்டத் திறந்தாரு, திறக்கிறவங்களுக்கு 200 கினி பரிசுன்னு அந்தக் கம்பெனி பல வருஷமா ஜன்னல்ல வச்சிருந்த பூட்டு அது, 16 நாள்ல பரவி மொத்தம் 51 மணி நேரம் ஆச்சு. அவரே பூட்டு வச்சிருந்த மரத்துல ஒரு கருவியப் பொருத்தி அழுத்தத்த அதுக்கிட்ட விட்டுட்டுத்தான் வேலை பார்த்தாரு. அதனால வைஸ் வைக்கிறது ஏதோ குறுக்கு வழின்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. ஒரே ஒரு நஷ்டம், பூட்டு உள்ளங்கைல இருக்கும்போது வர்ற அதிர்வு வைஸ்ல இருக்கும்போது வராது. அதனால முதல் சில வாரம் வைஸ்ல, அப்புறம் கைக்கு மாறலாம்.

டூல்ஸ்ல லெஃப்ட் ஹேண்டருக்குன்னு தனியா எதுவும் வாங்க வேண்டாம், காசு வீண். ஹூக், ஹாஃப் டயமண்ட், ரேக்னு சொல்ற பிக் வகை எல்லாமே தகட்டுல வெட்டினது, ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் அப்படியே போகும். ரெஞ்ச்ல கீழ்ப்பக்கம் போடுற எல் வடிவம் இருக்கு, பின்னுங்க இருக்கிற பக்கமா, சாவித் துவாரத்தோட மேல் விளிம்புல போடுற தட்டையான கம்பி இருக்கு, ரெண்டையும் திருப்பிப் போட்டா கைப்பிடி அந்தப் பக்கம் போயிடும். மேல் விளிம்புல போடுறதுல துவாரம் பூரா பிக்குக்குக் காலியா கிடைக்கும், பழக்கமில்லாத கைல பிக் பிடிக்கிறவங்களுக்கு அந்த இடம் ரொம்ப உதவும். தடிமன் 0.025 அங்குலம் அகலமான துவாரத்துக்கு, 0.018 நெளிஞ்ச குறுகலான துவாரத்துக்கு, இந்த ரெண்டுல ஒவ்வொரு ஹூக் இருந்தாலே ரொம்ப நாள் ஓடும். ரெஞ்ச் நல்லதா கிடைக்கலன்னா கார் வைப்பர் ரப்பருக்குள்ள ஓடுற ஸ்டீல் பட்டைய எடுத்து வளைச்சுக்கலாம். இடது வலது வித்தியாசம் நிஜமா வர்றது டிம்பிள் பூட்டு (சாவியோட தட்டைப் பக்கத்துல குழி குழியா இருக்கிற வகை) பிக்லதான், அதோட நுனில கொடி மாதிரி ஒரு பக்கம் நீட்டிட்டிருக்கும், அதுல இடதுபக்கம் நீட்டினது வலதுபக்கம் நீட்டினதுன்னு ரெண்டு வகை உண்டு, செட் வாங்கும்போது ரெண்டும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

பூட்டு விஷயத்துல, கண்ணாடி மாதிரி தெரியிற அக்ரிலிக் பூட்டு உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்க ஒரு சாயங்காலம் போதும், அதுக்கு மேல வேண்டாம், அதுல கைக்கு வர்ற உணர்வு நிஜப் பூட்டுல வர்ற மாதிரி இருக்காது. பின்ன எடுத்து மாத்திப் போட முடியிற பிராக்டிஸ் பூட்டு ஒண்ணு வாங்கினா நம்ம கேள்விக்கு அதுவே பதில் சொல்லும். ரெண்டே ரெண்டு பின் போட்டு ரெண்டு வழிலயும் திறந்து பாருங்க, அப்புறம் மூணு, அப்புறம் நாலு. மூணு பின் வந்ததும் ஒரு கை தெளிவா முன்னாடி போயிடும். ஆபீஸ் டேபிள் டிராயர்ல இருக்கிற வேஃபர் பூட்டு (பின்னுக்குப் பதிலா தட்டையான தகடு இருக்கிறது), பழைய இரும்புக் கடைல கிடைக்கிறது, அதுவும் ஆரம்பத்துக்கு நல்லது, டென்ஷன் கொஞ்சம் ஏறினாலும் மன்னிக்கும்.

கொஞ்சம் முன்னேறி ஸ்பூல் பின் இருக்கிற பூட்டுக்கு வரும்போது கணக்கு மாறும். ஸ்பூல் நடுவுல ஒடுங்கி இருக்கும், அது மாட்டும்போது பிளக் நல்லா திரும்பி, திறந்துடுச்சோன்னு தோணும், திறந்திருக்காது. அந்த இடத்துல ஸ்பூல இன்னும் தூக்கினா பிளக் பின்னாடி திரும்பப் பார்க்கும், அந்தத் தள்ளல விரல் உணர்ந்து, அது திரும்ப அனுமதிக்கிற அளவுக்கு மட்டும் விட்டுக்குடுக்கணும், ஒரேயடியா விட்டா செட் ஆன பின்னெல்லாம் கீழ விழுந்துடும். இங்க டென்ஷன் பலமான கைல இருக்கிறவங்களுக்கு லாபம் அப்பட்டமா தெரியும். நான் பிக் இடது கைலதான் வச்சிருக்கேன், ஸ்பூலுக்கும் அப்படியே, ஆனா என் வலது விரல் அந்த விட்டுக்குடுக்கிறத கத்துக்க ரொம்ப நாள் எடுத்துச்சு, தராசுப் பயிற்சிய விடாம பண்றதே அதுக்காகத்தான்.

அதனால யாராவது என்கிட்ட கேட்டா, ஊசி, ஸ்க்ரூ எல்லாம் இடது கைல பண்றவங்க பிக்க இடது கைல வைங்க, கைப்பிடி வலது பக்கம் கிடையா, முதல்ல வைஸ்லன்னு சொல்வேன். தேடுறது கத்துக்கக் கஷ்டமான வேலை, அதுக்கு நல்ல கை போகட்டும், தாங்குறது ஒரே அசைவு, அத இன்னொரு கைக்குச் சொல்லிக் குடுத்துடலாம். நுணுக்க வேலைய வலது கைல பண்ற கலவை ஆளுங்க வீடியோல இருக்கிறபடியே ஆரம்பிங்க. ஊசி நூல் சோதனைல ரெண்டு கையும் சமமா வந்தா தராசுல எந்தக் கை ஆடாம நிக்குதோ அதுக்கு டென்ஷனக் குடுத்துடுங்க.

எந்தக் கையா இருந்தாலும் ரெண்டு விஷயத்துல தளர்வே கிடையாது. உங்களோட பூட்டு இல்லாததத் தொடக் கூடாது, உங்களோடதாவே இருந்தாலும் வாசல்லயோ பீரோலயோ பயன்பாட்டுல இருக்கிற பூட்டுல பழகக் கூடாது, பின்னோ ஸ்பிரிங்கோ கெட்டுப் போனா ராத்திரி வெளிய நிக்க வேண்டியதுதான். டூல்ஸ வீட்டுலயே வைங்க, பாக்கெட்ல போட்டுக்கிட்டு சுத்தாதீங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்க அந்த ஊர்ச் சட்டத்தப் பார்த்துட்டு வாங்குங்க, ஜப்பான்ல 2003ல வந்த சட்டப்படி தக்க காரணம் இல்லாம பிக்கிங் டூல்ஸ் வச்சிருக்கிறதே குற்றம்.

கடைசியா நம்ம ஊர்க் கடைல போய் பூட்டு கேட்டா கைல குடுக்கிறது நிறைய லீவர் பூட்டுதான் (பின்னுக்குப் பதிலா சாவி தூக்குற தகடுங்க இருக்கிறது), நவ்தால் வகை, அலிகார் பூட்டு, 2019ல புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டு எல்லாம் அந்தக் குடும்பம். சாவி தண்டா இருந்து நுனில மட்டும் பல்லு வெட்டியிருந்தா பெரும்பாலும் லீவர், தட்டையா இருந்து ஓரம் பூரா வெட்டியிருந்தா பெரும்பாலும் பின். லீவருக்கு மேல சொன்ன ஹூக்கும் ரெஞ்சும் உதவாது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற ரெண்டு கம்பி டூல் வேணும், ஒண்ணு தாழ்ப்பாளத் தள்ளிப் பிடிக்கும், இன்னொண்ணு லீவர ஒவ்வொண்ணா தூக்கும். அதுல தள்ளுற கம்பியோட கைப்பிடில ஒரு சின்ன எடைய கட்டித் தொங்க விட்டுடுவாங்க, ஹாப்ஸ் செஞ்ச அதே யோசனைதான். எடை கீழதான் இழுக்கும்கிறதால கடிகாரச் சுத்துக்கு அந்தக் கம்பியோட கைப்பிடி வலது பக்கம் நிக்கணும், எதிர்ச் சுத்துன்னா இடது பக்கம். அப்போ டென்ஷன் எந்தக் கைங்கிற கேள்வியே இல்ல, பூட்டு வைஸ்ல, டென்ஷன் எடைல, இடது கை நிம்மதியா லீவர் தேடலாம்.